ஆசும் கணிப்பொறியும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பகற்பொழுதில் கணிப்பொறிக்கு நிரல் எழுதிப் பிழைப்பவன் நான். மாதத்தில் ஒரு மாலை உங்களோடு அமர்ந்து கவிதை கேட்பவன். இப்பத்தாண்டுகளில் இந்த மேடையில் நான் ஏறியது இரண்டே முறை. இரண்டு முறையும் ஒலிபெருக்கியைச் சரிசெய்வதற்காக. ஆகவே இன்று பேசுமாறு அமைப்பாளர் பணித்தபோது தயங்கினேன். "உங்கள் தொழிலில் கவிஞர்கள் கேட்கத்தக்கது ஏதேனும் இருந்தால் சொல்லுங்கள், இல்லையென்று தோன்றினால் பாதியில் உட்கார்ந்துவிடலாம்" என்றார். அந்த உரிமையை நம்பியே தொடங்குகிறேன்.

நான் பேச எடுத்துக்கொண்டது, நிரல் எழுதுவோரிடையே அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக வழங்கிவரும் ஒரு பழக்கம். தமக்கு வேண்டியது கிடைக்கவில்லை என்றால், கைக்கு எட்டியதைக் கொண்டு தாமே செய்துகொள்வது. திட்டம் தீட்டி, அனுமதி பெற்று, பொருள் வரவழைத்துச் செய்வதன்று. இருக்கும் கம்பி, இருக்கும் பொறி, இன்றிரவு என்று செய்வது. நம் பேச்சு வழக்கில் இதற்கு 'ஒப்பேற்றுதல்' என்று பெயர். அச்சொல்லில் சிறிது ஏளனம் உண்டு. 'ஏதோ ஒப்பேற்றிவிட்டான்' என்று யாரும் பாராட்டுரையில் சொல்வதில்லை.

இலக்கணம் பயின்ற இந்த அவைக்கு இன்னொரு சொல்லை நினைவூட்டலாம் என்று எண்ணுகிறேன். 'ஆசு' என்பது அச்சொல். கொடுத்த பொருளில் கொடுத்த நொடியில் பாடுகிறவரை ஆசுகவி என்கிறோம். அங்கே ஆசு என்றால் விரைவு. 'ஆசறக் கற்றவர்' என்னும்போது அதே ஆசு குற்றமாகிவிடுகிறது. பொற்கொல்லர் பட்டறையில் நகையின் இரண்டு துண்டுகளைப் பொருத்தப் பயன்படும் பொருளுக்குப் பற்றாசு என்று பெயர். நேரிசை வெண்பாவில் முதற் குறளுக்கும் தனிச்சொல்லுக்கும் இடையே ஓசை இணங்காமல் விட்டிசைத்தால், ஓர் அசையோ ஈரசையோ இட்டு ஒட்டவைக்கிறோமே, அதையும் ஆசு என்றே நம் யாப்பு நூலார் வழங்கினர். இச்சொற்கள் வெவ்வேறு வேரிலிருந்து வந்தவையாக இருக்கலாம். மொழிநூல் அறிந்தோர் என்னைத் திருத்துவார்களாக. ஆனால் நான் சொல்லப்போகும் மனிதர்களின் வேலையில் விரைவும் குற்றமும் ஒட்டும் பிரிக்க முடியாதபடி கலந்தே கிடந்தன.

அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1946இல் மாணவர்கள் பொம்மை ரயில் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அவசரமாக எழுப்பப்பட்ட, இருபதாம் எண் கட்டடம் என்னும் மரக் கட்டடத்தில் அது இடம் பெற்றது. சங்கத்தில் இரண்டு சாதி. சிலர் மேசைக்கு மேலே சிறு ஊர்களையும் மலைகளையும் செய்து, ரயில் பெட்டிகளுக்கு வண்ணம் தீட்டினார்கள். மற்றவர்கள் மேசைக்கு அடியில் படுத்துக் கிடந்தார்கள். எந்த வண்டி எந்தத் தடத்தில் போவது என்பதைத் தீர்மானிக்கும் மின்சுற்று அங்கேதான் இருந்தது. தொலைபேசி நிலையங்களுக்கென்று செய்யப்பட்ட தொடர்மாற்றிகள் அவர்களுக்குக் கிடைத்தன. அவற்றைக் கொண்டு நாளொரு இணைப்பும் பொழுதொரு திருத்தமுமாக ஒரு பெரும் வலையையே பின்னினார்கள். அதில் நயமான, புதுமையான, செய்தவரின் கைத்திறம் தெரிகிற வேலைக்கு 'ஹேக்' என்று பெயரிட்டார்கள். இன்று நாளிதழில் 'ஹேக்கர்' என்றால் வங்கிக் கணக்கில் கன்னம் வைப்பவர். அச்சொல் பிறந்த வீடு அதுவன்று.

1958இல் டி.எக்ஸ்.-0 என்னும் கணிப்பொறி அக்கழகத்துக்கு வந்தது. அதுவரை அங்கிருந்த பெரிய பொறியை மாணவர் தொட முடியாது. துளையிட்ட அட்டைகளைப் பூசாரியிடம் தேங்காய் நீட்டுவதுபோல் நீட்டிவிட்டு வெளியே காத்திருக்க வேண்டும். புதிய பொறியின் முன்னே உட்காரலாம், தொடலாம், எழுதியதை உடனே ஓட்டிப் பார்க்கலாம். மேசைக்கு அடியில் கிடந்தவர்கள் எழுந்து வந்து இதன்முன் உட்கார்ந்தார்கள். பகலில் ஆராய்ச்சியாளர்களுக்கு நேரம் ஒதுக்கப்பட்டிருந்ததால் இவர்களுக்கு வாய்த்தது இரவு. நம்மில் பலருக்கும் கவிதை எழுத வாய்த்திருப்பது அதே வேளைதான்.

1961இல் பி.டி.பி.-1 என்னும் அடுத்த பொறி வந்தது. விலை ஏறத்தாழ 1,20,000 டாலர். இந்த மாணவர்கள் அதற்குத் தட்டச்சு செய்ய ஒரு நிரல் எழுதினார்கள்; அதற்கு 'விலையுயர்ந்த தட்டச்சுப்பொறி' என்று தாமே பெயரிட்டுச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. தம் வேலையைத் தாமே கேலி செய்துகொள்ளத் தெரிந்தவர்கள் அவர்கள்.

அப்பொறியில் அவர்கள் ஆக்கியவற்றுள் புகழ்பெற்றது 'ஸ்பேஸ்வார்' என்னும் விளையாட்டு. விண்வெளியில் இரண்டு கலங்கள் ஒன்றையொன்று சுடும். எழுத ஒப்புக்கொண்டவர் ஸ்டீவ் ரஸ்ஸல். ஒப்புக்கொண்டாரே தவிர எழுதவில்லை. கலம் திரும்புவதற்குச் சைன், கோசைன் கணக்கு வேண்டும்; அதற்கான நிரற்பகுதி இல்லை என்று காரணம் சொன்னார். ஆலன் கோடோக் என்னும் நண்பர் பொறியைச் செய்த நிறுவனத்திடமிருந்தே அப்பகுதியை வாங்கி வந்து அவர் கையில் வைத்து, இனி என்ன சாக்கு என்று கேட்டார். சிறப்பிதழுக்குக் கவிதை தருவதாகச் சொல்லிவிட்டு நாளைக் கடத்துவோர் இந்த அவையில் ஓரிருவர் உண்டு. நம் அமைப்பாளருக்கு இந்த உத்தி பயன்படலாம்.

1962இல் விளையாட்டு ஓடியது. பின்னணியில் விண்மீன்கள் கண்டபடி தெளித்துக் கிடந்தன. பீட்டர் சாம்சன் என்பவருக்கு அது பொறுக்கவில்லை. வானம் என்றால் வானமாக இருக்க வேண்டாமா? வானியல் அட்டவணையைப் பார்த்து உண்மையான விண்மீன்களை அவற்றின் ஒளி வேறுபாட்டோடு திரையில் அமைத்தார். டான் எட்வர்ட்ஸ் நடுவில் ஒரு சூரியனை வைத்து அதற்கு ஈர்ப்பைக் கொடுத்தார். அதன்பிறகு ஆட்டத்துக்குக் கூர்மை வந்தது. பொறியின் விசைகளை அழுத்தி அழுத்தி முழங்கை வலித்ததால், கோடோக்கும் சாண்டர்ஸ் என்னும் நண்பரும் ரயில் சங்கத்து அறையில் கிடந்த மரத்துண்டு, கம்பி, விசைகளைக் கொண்டு இயக்குபெட்டிகள் செய்தார்கள்.

ஒருவர் எழுதியதில் இன்னொருவர் எப்படிக் கைவைத்தார் என்பதே எனக்கு முக்கியம். அக்காலத்தில் நிரல்கள் துளையிட்ட காகித நாடாவில் இருந்தன. நாடாக்கள் பொறியின் அருகே ஓர் இழுப்பறையில் கிடந்தன. அதற்குப் பூட்டு இல்லை. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், ஓட்டலாம், திருத்தலாம், திருத்தியதை மீண்டும் அங்கேயே வைக்கலாம். ரஸ்ஸலின் நாடாவும் அங்கே இருந்ததனால்தான் சாம்சனின் வானமும் எட்வர்ட்ஸின் சூரியனும் அதில் ஏறின.

இதே மனிதர்களின் இன்னொரு முகத்தையும் சொல்லாமல் விட்டால் நான் பக்கப்பாட்டு பாடியவனாவேன். அவர்களில் சிலர் இரவில் பொறியின் உள்ளே கைவிட்டு அதன் கம்பிகளையே மாற்றினார்கள். புதிய கட்டளை ஒன்றைக் கூட்டினால் தங்கள் நிரல் விரைவாக ஓடுமே என்ற ஆசை. மறுநாள் பகலில் மார்கரெட் ஹாமில்டன் என்னும் பெண்மணி தம் வானிலை ஆய்வு நிரலை ஓட்டினார். முந்தின நாள்வரை ஓடிய நிரல் ஓடவில்லை. தம் நிரலைத் துருவித் துருவிப் பார்த்தார். குற்றம் அவருடையதன்று, இரவில் மாறிய கம்பியினுடையது. பின்னாளில் சந்திரனுக்குச் சென்ற அப்பல்லோ கலங்களின் நிரற்பணிக்குத் தலைமை தாங்கியவர் இதே ஹாமில்டன். ஸ்டீவன் லெவி 1984இல் வெளியிட்ட நூலில் இந்த நிகழ்ச்சியை ஒரு குறும்புபோலச் சொல்லிச் செல்கிறார். எனக்கு அது குறும்பாகத் தெரியவில்லை. நாடா இழுப்பறையில் இருந்தது, எல்லாரும் பார்த்தார்கள். கம்பி பொறிக்குள் இருந்தது, ஒருவரும் பார்க்கவில்லை. அதே கைகள், அதே ஆர்வம்.

கலிபோர்னியாவின் கதை இன்னும் பெயர் பெற்றது, விரைந்து சொல்லிவிடுகிறேன். 1975 தொடக்கத்தில் ஆல்டேர் 8800 என்னும் பொறி, உறுப்பு உறுப்பாகப் பெட்டியில் வந்தது. வாங்கியவரே பற்றவைத்துப் பூட்ட வேண்டும். விசைப்பலகை இல்லை, திரை இல்லை. முகப்பில் விசைகளும் சிறு விளக்குகளும் மட்டும். அவ்வாண்டு மார்ச்சில் மென்லோ பார்க் என்னும் ஊரில் ஒரு கார் கொட்டகையில் முப்பதுக்கு மேற்பட்டோர் கூடி ஹோம்புரூ கணிப்பொறிக் கழகத்தைத் தொடங்கினர். அடுத்த மாதத்துக் கூட்டமொன்றில் ஸ்டீவ் டோம்பியர் தம் ஆல்டேரின் அருகே ஒரு சாதாரண வானொலிப் பெட்டியை வைத்தார். பொறி இயங்கும்போது எழும் மின்னலைகள் வானொலியில் இரைச்சலாகக் கேட்கும். எல்லாரும் எரிச்சலோடு ஒதுக்கிய இரைச்சல் அது. எந்தக் கட்டளை எந்தச் சுரத்தை எழுப்புகிறது என்று கண்டுபிடித்து, பீட்டில்ஸ் குழுவினரின் பாட்டு ஒன்றை விசை விசையாக உள்ளே செலுத்தியிருந்தார். இடையில் யாரோ மின்கம்பியைத் தட்டிவிட, எல்லாம் அழிந்து, மறுபடி முதலிலிருந்து விசைகளை இட்டார். பொறியிலிருந்து பாட்டு வந்தபோது கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. பேசுவதற்கு வாயே இல்லாத பொறி. அதற்குக் குரல் கொடுத்தது அதன் குறைபாடு.

அடுத்த ஆண்டு பிப்ரவரியில் இவ்வட்டாரத்தாருக்கு இருபது வயது பில் கேட்ஸ் ஒரு திறந்த மடல் எழுதினார். தாமும் நண்பர்களும் ஆக்கிய பேசிக் நிரலை விலை கொடாமல் படியெடுத்துக்கொள்கிறீர்கள். உழைப்புக்குக் கூலி இல்லாமல் நல்ல வேலையை யார் செய்வார்கள் என்று கேட்டார். அவர் பக்கம் நியாயம் இல்லையென்று நான் சொல்ல மாட்டேன். சொந்தக் காசில் சிற்றிதழ் நடத்திக் கைப்பொருள் இழந்தவர்கள் முன்னே நின்று, கூலி கேட்பது பிழை என்று எந்த முகத்தோடு சொல்வது? அம்மடலுக்கு வந்த வசைகள் பல. வசை பாடாமல், அதே ஆண்டில் சிலர் 'டைனி பேசிக்' என்னும் சிறு மொழியைத் தாங்களே ஆக்கி, முழு நிரலையும் இதழில் அச்சிட்டார்கள். அதுவும் ஒரு மறுமொழிதான்.

இனி பெல் ஆய்வகம். இங்கே சற்று நிற்க விரும்புகிறேன். உங்கள் துறையும் என் துறையும் தொட்டுக்கொள்கிற இடம் இது. 1969இல் கென் தாம்சன் என்பவர், யாரும் அதிகம் பயன்படுத்தாமல் கிடந்த பி.டி.பி.-7 என்னும் பழைய பொறியில் யூனிக்ஸ் என்னும் இயக்கமுறைமையின் முதல் வடிவத்தை எழுதினார். மனைவி கைக்குழந்தையோடு உறவினர் வீட்டுக்குச் சென்றிருந்த சில வாரங்கள்; உறுப்புக்கு ஒரு வாரம் என்று வகுத்துக்கொண்டு முடித்தார். மாளிகை கட்டத் திட்டமிட்ட பெருங்குழு ஒன்றிலிருந்து அந்த ஆய்வகம் விலகிய ஆண்டு அது. திண்ணையில் கட்டிய இந்தச் சிறு குடில் இன்று உங்கள் சட்டைப்பைக் கைப்பேசிவரை வழித்தோன்றல்களைப் பரப்பியிருக்கிறது.

அந்த ஆய்வகத்தில் லீ மக்மஹோன் என்பவருக்கு ஓர் இலக்கியச் சிக்கல் இருந்தது. 1787, 1788ஆம் ஆண்டுகளில் அமெரிக்க அரசமைப்புச் சட்டத்துக்கு ஆதரவாக 85 கட்டுரைகள் 'பப்ளியஸ்' என்னும் ஒரே புனைபெயரில் வெளிவந்தன. எழுதியவர்கள் மூவர்: மேடிசன், ஜே, இன்னொரு ஹாமில்டன். சில கட்டுரைகள் யாருடையவை என்பதில் நெடுநாளைய வழக்கு. சொல்லாட்சியைக் கொண்டு ஆசிரியரைக் கண்டறிய மக்மஹோன் முயன்றார். தனிப்பாடல்களில் எது காளமேகம் பாடியது, எது பின்னால் வந்தவர் அவர் தலையில் கட்டியது என்று நாம் வாதிடுகிறோமே, அதே கேள்வி. ஆனால் கட்டுரைகள் முழுவதும் அக்காலத்துச் சிறு நினைவகத்தில் அடங்கவில்லை; உரைதிருத்தியைத் திறந்து தேட இயலவில்லை. தாம்சன் அந்த உரைதிருத்திக்குள் இருந்த தேடும் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துத் தனி நிரலாக்கினார். அதற்கு 'கிரெப்' என்று பெயர். இன்று உலகெங்கும் நிரல் எழுதுவோர் நாளுக்குப் பன்முறை அதை ஏவுகிறார்கள். ஓர் எழுத்தாளரின் நடையைத் தேடிய ஒரு நண்பருக்காக அது வெளியே வந்தது என்பதை அவர்களில் பலரும் அறியார்.

அதே ஆய்வகத்தில் 1976இல் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 'மேக்' என்னும் கருவியை எழுதினார். பெரிய நிரலின் எந்தப் பகுதி மாறியது என்று கண்டு, அதை மட்டும் மறுபடி கட்டித் தரும் கருவி. அதற்கு எழுதும் கோப்பில் சில வரிகள் 'டேப்' என்னும் தாவல் குறியோடு தொடங்க வேண்டும் என்று விதித்தார். அப்போது கைக்கு எளிதாக வந்த வழி அது. தாவல் குறியும் வெற்றிடமும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். பொறிக்கு மட்டும் வேறு. சில வாரங்களில் அது தவறான முடிவு என்று அவருக்கே தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர், பெரும்பாலும் நண்பர்கள், அதைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுக்கு இடைஞ்சல் வேண்டாம் என்று விட்டுவிட்டார். அந்தப் பன்னிரண்டு பேர் பின்னர் இலட்சக்கணக்கானோர் ஆனார்கள். நான் தொழிலுக்கு வந்த முதல் மாதத்தில் ஓர் இரவு முழுவதும் அந்தக் கண்ணுக்குத் தெரியாத குறியைத் தேடியிருக்கிறேன். பன்னிரண்டு நண்பர்களுக்குக் காட்டிய கருணைக்கு உலகம் ஐம்பது ஆண்டுகளாக வட்டி கட்டுகிறது. ஆனாலும் அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. தாவல் குறி வேண்டும் என்பதை அவர் மறைக்கவில்லை. விதியை எழுதியே வைத்தார். தேடினால் கிடைக்கும் குற்றம் அது.

தமிழுக்கு வருகிறேன். நம் மொழியைக் கணிப்பொறியில் ஏற்றியவர்களும் ஒப்பேற்றியவர்களே. 1980களிலும் 1990களிலும் எந்தப் பெருநிறுவனமும் நமக்காகக் காத்திருக்கவில்லை. லோசானில் வேதியியல் அறிஞராக இருந்த கு. கல்யாணசுந்தரம் தம் ஓய்வு நேரத்தில் 'மயிலை' எழுத்துருவை ஆக்கி இலவசமாக வழங்கினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு' மென்பொருளை உருவாக்கினார். சிங்கப்பூரில் ஆசிரியரும் சிறுகதை எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி 1990களின் நடுவில் தமிழ்க் கவிதைகளை இணையத்தில் ஏற்ற முன்னின்றார். இணையத்தில் ஏறிய முதல் தமிழ் எழுத்துகளுள் கவிதையும் இருந்தது என்பது இந்த வட்டத்துக்கு மகிழ்ச்சி தரக்கூடிய செய்தி. அவர் 1999இல் மறைந்தார். அதிராம்பட்டினத்து உமர்தம்பி 'தேனீ' எழுத்துருவைத் தந்துவிட்டு 2006இல் மறைந்தார்.

அவர்கள் எதிர்கொண்ட நெருக்கடியை எளிமையாகச் சொல்கிறேன். அக்காலப் பொறியில் எழுத்துகளுக்கு 256 இருக்கைகள்தாம். முதற்பாதியில் ஆங்கிலம் ஏற்கெனவே அமர்ந்திருந்தது. நம் எழுத்துகளோ 247. ஆகவே உயிர்மெய்களை உடைத்தார்கள். கொம்பு தனி, கால் தனி, புள்ளி தனி. அச்சுக்கோப்பவர் பெட்டியிலிருந்து துண்டு துண்டாக எடுத்துச் சேர்ப்பதைப்போல. எந்தத் துண்டு எந்த இருக்கையில் என்பதை ஒவ்வொருவரும் தம் வசதிப்படி முடிவு செய்தார்கள். 'பாமினி' என்னும் எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்ததை அந்த எழுத்துரு இல்லாத பொறியில் திறந்தால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கிலக் குறிகள் வரும். அன்னையே அடையாளம் தெரியாமல் போவாள்.

பின்னர்ப் பொது அட்டவணைகள் வந்தன. தமிழார்வலர்கள் கூடி வகுத்த 'திஸ்கி' வந்தது. 1999இல் சென்னை மாநாடு வேறு சில தரங்களையும் விசைப்பலகையையும் வகுத்தது. 1991 முதலே தமிழுக்கு இடம் தந்திருந்த யூனிகோடு, பொறிகள் அதை ஏற்ற பிறகு எல்லாவற்றையும் மெல்ல மெல்ல விழுங்கியது. எந்த அட்டவணை சிறந்தது என்று அக்காலத்தில் நடந்த சண்டைகளை இங்கே விரிக்க மாட்டேன். தென்கலை வடகலை தோற்றது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் கையால் தட்டிய நூல்கள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன். பழைய அட்டவணை எல்லாருக்கும் தெரிந்திருந்ததால் அவற்றைப் புதியதற்கு மாற்ற முடிந்தது. அப்படித் தெரியாதவை என்ன ஆயின?

அவற்றுள் ஒன்றை நான் கையில் வாங்கினேன். நம் வட்டத்தின் மூத்த கவிஞர் ஒருவர் சென்ற ஆண்டு ஒரு குறுந்தகட்டைக் கொடுத்தார். அவர் இந்த அவையில் அமர்ந்திருக்கிறார். பெயர் சொல்லக்கூடாது என்பது அவர் கட்டளை. 1999 முதல் ஏழாண்டுகள் அவர் எழுதிய 143 கவிதைகள் அதில் இருந்தன. அவருடைய நண்பர் ஒருவர், அச்சகத்தில் பணியாற்றியவர், அவருக்கென்றே ஆக்கித் தந்த எழுத்துருவில் அடித்தவை. கையெழுத்துப் படிகள் வீடு மாறியபோது பழைய தாளோடு போய்விட்டன. எழுத்துருவை ஆக்கிய நண்பர் காலமாகிவிட்டார். எழுத்துருக் கோப்பு தகட்டில் இல்லை. எந்தத் துண்டு எந்த இருக்கையில் என்னும் அட்டவணை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டப்பட்டிருந்ததாம்; சுவருக்கு வெள்ளையடித்தபோது அதுவும் போயிற்று. தகட்டைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அடைப்புக்குறிகளும் டாலர் குறிகளும்தாம். "ஏழு வருஷம் தம்பி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அந்த நண்பரை நான் குறை சொல்லவில்லை. தம் தோழருக்கு ஒரு தேவை, தம்மிடம் ஓர் இரவு, செய்து கொடுத்தார். ரயில் சங்கத்தார் செய்ததும் அதையே. ஆனால் அவர் செய்தது எந்த இழுப்பறையிலும் இல்லை.

மூன்று மாதம், ஞாயிறுதோறும், நானும் வட்டத்தின் இளைய உறுப்பினர்கள் இருவரும் அமர்ந்தோம். தமிழில் மிகுதியாக வருவது புள்ளியாகத்தான் இருக்கும் என்று ஊகித்து, கோப்பில் மிகுதியாக வந்த குறியைப் புள்ளியென்று கொண்டோம், சரியாக இருந்தது. பிறகு தேங்கினோம். 143இல் இரண்டு கவிதைகள் முன்பு ஒரு சிற்றிதழில் வந்தவை. நூலகத்தில் அந்த இதழ் கிடைத்தது. அச்சையும் கோப்பையும் அருகருகே வைத்து ஏறத்தாழ அறுபது துண்டுகளைக் கண்டுபிடித்தோம். எஞ்சியவற்றுக்குக் கவிஞரையே அழைத்தோம். நினைவிலிருந்த வரிகளை அவர் சொல்லச் சொல்ல, அதே அளவும் அதே புள்ளியிடங்களும் உள்ள வரியைப் பொறி தேடிக் கொடுத்தது. தேடியது கிரெப் என்று சொல்லவும் வேண்டுமா?

மாற்றிய முதற்படியைக் காட்டியபோது அவர் முகம் சுருங்கியது. பழைய எழுத்துருவில் கொம்பு முன்னே, மெய் பின்னே, அதன்பின் ள-கரம் போன்ற ஔகாரக் குறி. எங்கள் நிரலுக்கு ள-கரமும் அந்தக் குறியும் ஒன்றாகவே தெரிந்தன. விளைவு, அவருடைய 'வெள்ளி' எல்லாம் 'வௌ்ளி' ஆயிற்று. 'தெளிவு' எல்லாம் 'தௌிவு' ஆயிற்று. 'ர்' அடிக்க வேண்டிய இடங்களில் அவர் பழக்கத்தால் காலையும் புள்ளியையும் அடித்திருந்தார். ஆகவே 'அவர்' என்பது 'அவா்' என்று வந்தது. அச்சில் இரண்டும் ஒன்றுபோலிருக்கும், தேடினால் கிடைக்காது. புள்ளியோ உயிர்க்குறியோ தொடர்ந்தால் அது ள-கரமே என்றும், காலுக்குப் பின் புள்ளி வந்தால் அது ரகர மெய்யே என்றும் இரண்டு விதிகள் எழுதினோம். இரண்டும் சேர்ந்து நான்கு வரி. அன்று மாலை அவர் தம் கவிதை ஒன்றை இருபது ஆண்டுக்குப் பின் வாய்விட்டுப் படித்தார். பாதியில் நிறுத்தி, "இந்தச் சீர் தட்டுகிறதே, இது நான் எழுதியதா, உங்கள் நிரல் செய்ததா?" என்றார். கோப்பைப் பார்த்தோம். அவர் எழுதியதுதான்.

132 கவிதைகள் முழுமையாக வந்துவிட்டன. 11 கவிதைகளில் சில குறிகள் இன்னும் பிடிபடவில்லை. அவ்விடங்களில் நாங்கள் ஊகித்து நிரப்பாமல் கட்டமிட்டு விட்டிருக்கிறோம். அட்டவணை முழுவதையும் இரண்டு தாளில் அச்சிட்டு வட்டத்தின் நூலகத்தில் வைத்திருக்கிறேன். நிரலும் அதன் விளக்கமும் அங்குள்ள பொறியிலேயே, கடவுச்சொல் இல்லாமல். பிழை கண்டவர் திருத்தலாம். திருத்தியதை மட்டும் ஓரத்தில் எழுதி வையுங்கள்.

இங்கே இன்னும் சிலரிடம் இத்தகைய தகடுகளும் நெகிழ்வட்டுகளும் இருக்கக்கூடும் என்று கேள்விப்படுகிறேன். நெகிழ்வட்டைப் படிக்கும் கருவி ஒன்று பழைய பொருள் கடையில் கிடைத்தது. இப்போதைக்கு ஓடுகிறது, எத்தனை நாள் ஓடும் என்று சொல்ல முடியாது. ஆகவே தள்ளிப்போடாதீர்கள். எந்த எழுத்துருவில் அடித்தது, யார் ஆக்கியது, ஏதேனும் ஒரு பக்கம் அச்சில் இருக்கிறதா என்பவற்றை ஒரு துண்டுத் தாளில் எழுதித் தகட்டோடு வைத்து, அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். வாயிலருகே மேசை போட்டு நாங்கள் மூவரும் இருப்போம்.